முதுகில் தண்ணி எடுப்பது: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்ட கேள்விகள்

கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் 27 ஆண்டுகள் தாதியாக இருந்தேன். இப்போது பணி ஓய்வு, செந்தூலில் வீடு. ஆனாலும் உறவிலோ பழக்கத்திலோ யாருக்காவது முதுகில் தண்ணி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அடுத்த கால் மணி நேரத்தில் என் கைப்பேசி அடிக்கும். குரல்தான் வேறு, கேள்வி அதேதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பேசி அனுப்பி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். நான் டாக்டர் இல்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் முடிவு. அவர் சொல்வது என்னவென்று விளங்கிக்கொள்ள இது உதவும், அவ்வளவுதான்.

"அக்கா, 'ஆயர் துலாங் பெலாகாங்' எடுக்கணும்கிறாங்க. அது என்ன தண்ணி?"

மலாயில் ஆயர் என்றால் தண்ணி, துலாங் பெலாகாங் என்றால் முதுகெலும்பு. அந்தப் பெயரே பாதிப் பயத்துக்குக் காரணம். எலும்பைத் துளைத்து உள்ளிருந்து எதையோ உறிஞ்சப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எலும்பிலிருந்து எதுவும் எடுப்பதில்லை. மூளையும் அதிலிருந்து கீழே இறங்கும் தண்டுவடமும் ஒரு பைக்குள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பை இடுப்பு வரை நீண்டிருக்கும். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக ஊசியை விட்டு, பையின் அடிப்பகுதியிலிருந்து கொஞ்சம் தண்ணீரைச் சொட்டவிட்டுப் பிடிப்பார்கள். ஆங்கிலத்தில் லம்பார் பங்ச்சர், வார்டில் எல்.பி., ஊரில் முதுகுத்தண்ணி. எல்லாம் ஒன்றுதான்.

இது நேற்று வந்த புது வைத்தியமும் இல்லை. ஜெர்மனியில் குவிங்கே என்ற டாக்டர் 1891இலேயே செய்து காட்டியது. இடுப்பெலும்பைத் துளைத்து மஜ்ஜை எடுக்கிறார்களே, அது வேறு பரிசோதனை.

"ரத்தம் எடுத்தாச்சு, சிடி ஸ்கேனும் எடுத்தாச்சு. இது வேற எதுக்கு?"

ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் போய்விடாதபடி உடம்பிலேயே ஒரு தடுப்பு இருக்கிறது. அதனால் மூளைச் சவ்வில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும்போதுகூட ரத்தப் பரிசோதனை எந்தக் கிருமி என்று காட்டிக்கொடுக்காமல் போகலாம். ஸ்கேனில் வீக்கம், கட்டி, பெரிய ரத்தக்கசிவு தெரியும், கிருமி தெரியாது. மூளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரைப் பார்த்தால்தான் தெரியும் சில விஷயங்கள் உண்டு.

டாக்டர்கள் பொதுவாகத் தேடுபவை இவை. மூளைச் சவ்வுக் காய்ச்சல், அதாவது மெனிஞ்ஜைட்டிஸ். வார்டில் 'ஜாங்கித்தான் செலாப்புட் ஓத்தாக்' என்பார்கள். மூளையே வீங்கும் என்செபலைட்டிஸ். இடி இறங்கியது போல் வந்த தலைவலியில் ஸ்கேனுக்கு அகப்படாத ரத்தக்கசிவு. காலில் பலவீனமாகத் தொடங்கி மேலே ஏறும் கில்லான் பாரே என்ற நரம்பு நோய். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பை, மூளையைத் தாக்கும் நோய்கள். தலைக்குள் அழுத்தம் கூடிப் பார்வை மங்குவது.

இந்தத் தண்ணீர் எதைக் காட்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பிறகு நெகிரி செம்பிலானிலும் பரவியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்து ஊரெல்லாம் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் முதுகுத்தண்ணியிலிருந்து அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். கொசு இல்லை, பன்றி என்று தெரிந்தது. அந்தக் கிராமத்தின் பெயரால்தான் அது இன்று உலகம் முழுக்க நிப்பா. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள்.

"ஊசி நரம்புல பட்டு காலு விளங்காம போயிட்டா யார் பொறுப்பு?"

எல்லாரும் கேட்பது இதுதான், அதனால் நின்று சொல்கிறேன். எழுந்து நின்று இரண்டு கையையும் இடுப்பில் வையுங்கள். இருபுறமும் கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டை முதுகுப் பக்கமாக ஒரு கோட்டால் சேர்த்தால், அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிப் போகும். டாக்டர் விரலால் தடவித் தேடுவது அந்தக் கோட்டைத்தான். ஊசி இறங்குவது அதற்கு ஓர் இடைவெளி மேலே அல்லது கீழே. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாவது, இரண்டாவது இடுப்பு எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி போகும் இடத்தில் தண்டுவடமே கிடையாது. காலுக்குப் போகும் நரம்புகள் மட்டும் பாயசத்தில் சேமியா மாதிரி தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். ஊசி முனை வந்தால் பெரும்பாலும் நழுவி விலகிவிடும். சில நேரம் உரசும். காலில் சுரீரென்று கரண்ட் அடித்தது போல் இருக்கும். அப்போது குதிக்காமல், "வலது கால்" என்றோ "இடது கால்" என்றோ வாயால் சொன்னால் போதும், டாக்டர் ஊசியைத் திருத்திக்கொள்வார்.

பிறகு ஏன் 'அந்த ஊசி போட்டுத்தான் அவர் படுக்கையில் விழுந்தார்' என்று தெருவுக்கு ஒரு கதை இருக்கிறது? எங்கள் வார்டுக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். கால் விரல் மரத்துப்போகிறது, படி ஏற முடியவில்லை என்று நடந்துதான் வந்தார். மறுநாள் தண்ணி எடுத்தோம். அதற்கு மறுநாள் இரண்டு காலும் அசையவில்லை, மூன்றாம் நாள் கையும் தூக்க முடியவில்லை. அவருக்கு வந்தது மேலே சொன்ன கில்லான் பாரே. நாளுக்கு நாள் ஏறுவதுதான் அதன் குணம். மருந்து ஏற்றி, பல மாதம் பயிற்சி செய்து, மீண்டும் நடந்தார். ஆனால் அவர் அம்மா கடைசி வரை ஊசியைத்தான் சபித்தார். அவர் கண்ணால் பார்த்தது அப்படி: ஊசிக்கு முன்னால் நடந்த பிள்ளை, ஊசிக்குப் பின்னால் விழுந்த பிள்ளை.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஊசி போன பாதையில் ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம், கிருமி நுழையலாம். இரண்டும் மிக அபூர்வம். அதைத் தவிர்க்கத்தான் சில மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே துருவித் துருவிக் கேட்கிறார்கள்; கீழே வருகிறது.

"எங்கம்மாவுக்கு சிசேரியன்ல முதுகுல ஊசி போட்டாங்க, இருபது வருஷமா முதுகுவலி. இதுவும் அதே ஊசிதானே?"

வழி ஒன்று, காரியம் வேறு. அங்கே மரத்துப்போகும் மருந்தை உள்ளே விடுகிறார்கள். இங்கே தண்ணீரை வெளியே எடுக்கிறார்கள், அதனால் கால் மரக்காது.

ஊசி போன இடத்தில் சில நாள் கன்றிப்போன மாதிரி வலிப்பது பலருக்கும் உண்டு. பனடோல் போதும். இருபது வருட வலிக்கு அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தால் உண்மையான காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். அம்மாவை ஒரு தடவை எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

"எப்படி எடுப்பாங்க? ரொம்ப வலிக்குமா?"

பக்கவாட்டில் படுக்கச் சொல்வார்கள். முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, 'மாச்சாம் ஊடாங்', இறால் மாதிரி சுருண்டு படுக்க வேண்டும். முதுகு வளைந்தால்தான் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி திறக்கும். நன்றாக வளைந்து, ஆடாமல் கிடந்தாலே பாதி வேலை முடிந்தது. சிலரை உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு குனியச் சொல்வதும் உண்டு. முதுகில் மருந்து தடவும்போது ஜில்லென்று இருக்கும். அடுத்து மரத்துப்போக வைக்கும் சின்ன ஊசி. எறும்பு கடித்த மாதிரி, பிறகு எரிச்சல். பெரும்பாலோர் வலி என்று நினைவு வைத்திருப்பது இதைத்தான். தண்ணி எடுக்கும் ஊசி போகும்போது வலியைவிட, யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போன்ற உணர்வுதான்.

ஊசி உள்ளே போய்விட்டது என்பது எனக்கு டாக்டரின் தோளைப் பார்த்தாலே தெரியும், இறுகியிருந்தது இறங்கும். ஊசிக்குள் இருக்கும் நடுக்கம்பியை உருவியதும் ஊசியின் வாயில் ஒரு சொட்டு திரளும். சிலருக்குக் கண்ணாடிக் குழாய் போன்ற ஒன்றை நிறுத்தி அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு 1, 2, 3 என்று எண் போட்ட குட்டிப் போத்தல்களில் சொட்டுச் சொட்டாகப் பிடிப்போம். சிரிஞ்சு வைத்து இழுப்பது கிடையாது, தானாக விழ வேண்டும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம், பெரும்பாலும் அதற்குள்ளேயே.

எப்போதும் ஒரே குத்தில் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. உடல் பருமன், கூன், வயதானவர்களின் எலும்புத் தேய்மானம் எல்லாம் கஷ்டம் கொடுக்கும். என் தங்கைக்கு ஒரு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் நான்கு தடவை முயன்றார். அவள் வாய்விட்டு அழுதும் 'கொஞ்சம் பொறுங்க' என்றுதான் பதில். பக்கத்தில் நின்ற நான் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக இருந்தும் வாயைத் திறக்கவில்லை, இன்றும் அது உறுத்துகிறது. பிறகு ஸ்பெஷலிஸ்ட் வந்து, உட்காரவைத்து ஒரே தடவையில் எடுத்தார். இரண்டு மூன்று முறை கிடைக்காவிட்டால் "நிறுத்துங்க, பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க" என்று தாராளமாகச் சொல்லலாம். அல்ட்ராசவுண்டு வைத்தோ எக்ஸ்ரே பார்த்தோ எடுக்கவும் வழி உண்டு.

"அவ்வளவு தண்ணியை எடுத்துட்டா மூளை காஞ்சிடாதா?"

பெரியவர் ஒருவர் உடம்பில் இந்தத் தண்ணீர் ஏறக்குறைய 150 மில்லி லிட்டர் இருக்கும். ஒரு நாளில் புதிதாகச் சுரப்பது சுமார் 500 மில்லி. பழையது வடிந்து புதியது ஊறிக்கொண்டே இருக்கிறது. பரிசோதனைக்கு எடுப்பது 10 முதல் 15 மில்லி, மூன்று தேக்கரண்டிக்குள். ஒரு மணி நேரத்துக்குள் அது திரும்ப ஊறிவிடும்.

"அப்பா ரத்தம் மெலியுற மாத்திரை சாப்பிடுறார். நாங்களே நிறுத்திடலாமா?"

நீங்களே நிறுத்தக்கூடாது. வார்ஃபரின், ரிவரோக்ஸாபான், குளோபிடோக்ரெல் போன்றவற்றில் எதை எத்தனை நாளைக்கு முன் நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதையே இதய டாக்டரும் இந்த டாக்டரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். நிறுத்தினால் மூளையில் ரத்தம் உறையும் ஆபத்து சிலருக்கு உண்டு. ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் தடையில்லை. மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சின்சே (சீன வைத்தியர்) கொடுத்த மருந்து, ஊரிலிருந்து வந்த லேகியம், கடையில் வாங்கிய கின்கோ மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

டிங்கிக் காய்ச்சலில் தட்டணு இறங்கிக் கிடப்பவருக்கும் இதே சிக்கல். ரத்தம் உறையாத நிலையில் ஊசி போட்டால் மேலே சொன்ன ரத்தக்கட்டு வரலாம். அதனால்தான் 'நேத்து எடுக்கணும்னாங்க, இன்னிக்கு வேணாம்கிறாங்க' என்று ஆகிறது. குழப்பம் இல்லை, எச்சரிக்கை.

"அவசரம்னாங்க. அப்புறம் முதல்ல ஸ்கேன் எடுக்கணும்னு ரெண்டு மணி நேரம் காக்க வச்சுட்டாங்களே?"

தலைக்குள் பெரிய கட்டியோ வீக்கமோ இருந்து, கீழே தண்ணீரை எடுத்தால், மேலே உள்ள அழுத்தம் மூளையைக் கீழ்நோக்கித் தள்ளிவிடலாம். உயிருக்கே ஆபத்து. வலிப்பு வந்தவர், நினைவு தப்புபவர், ஒரு பக்கம் கை கால் வராதவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், கண்ணுக்குள் பார்த்ததில் நரம்பு வீங்கித் தெரிந்தவர் ஆகியோருக்கு முதலில் ஸ்கேன் எடுப்பது அதனால்தான். இது எதுவும் இல்லாதவருக்கு ஸ்கேன் இல்லாமலேயே எடுப்பார்கள், அதுவும் சரிதான்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "மெனிஞ்ஜைட்டிஸ் சந்தேகம் இருக்கே, ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது ஆன்டிபயாடிக் ஏத்திட்டாங்களா?" அந்த நோயில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்க) எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கலாம், தண்ணி பிறகு எடுக்கலாம்.

"குழந்தை பிறந்து 12 நாள்தான். சாதாரணக் காய்ச்சலுக்கு முதுகுல ஊசியா? மனசே வரல அக்கா."

யாருக்கும் வராது. 12 நாள் குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது என்பதுதான் விஷயம். பெரியவருக்கு மெனிஞ்ஜைட்டிஸ் வந்தால் கழுத்து இறுகும், வெளிச்சம் கூசும், வாயால் சொல்லுவார். பச்சைக் குழந்தை பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும் அல்லது ஓயாமல் சிணுங்கும், உடம்பு சுடும். சில நேரம் சூடுகூட இருக்காது, குளிர்ந்துபோகும். வெளியிலிருந்து பார்த்து ரத்தத்தில் மட்டும் கிருமியா, மூளை வரை போய்விட்டதா என்று எந்தக் கெட்டிக்கார டாக்டராலும் சொல்லமுடியாது. மூளை வரை போயிருந்தால் மருந்தின் அளவும் கூடும், நாளும் கூடும்; இரண்டு மூன்று வாரம் ஊசி மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். தெரியாமல் குறைத்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் காது கேட்காமல் போவது, வலிப்பு, வளர்ச்சிக் குறைவு எல்லாம் பிறகு வரும்.

பெற்றோரை வெளியே நிற்கச் சொல்வது உங்களிடம் மறைக்க இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். ஒரு மிஸ்ஸி குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கையைத் தோளுக்குப் பின்னாலும் இன்னொரு கையைத் தொடைக்குப் பின்னாலும் கொடுத்து வளைத்துப் பிடிப்பார். கழுத்தை அழுத்தமாட்டோம், மூச்சு முட்டும். கண் குழந்தையின் முதுகில் இருக்காது, உதட்டு நிறத்தில்தான் இருக்கும். நாக்கில் ஓரிரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் விட்டால் பல குழந்தைகள் சப்பிக்கொண்டே அமைதியாகிவிடும். பச்சைக் குழந்தைகளுக்குத் தண்டுவடம் பெரியவர்களைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அதனால் ஊசியையும் இன்னும் கீழேதான் போடுவார்கள். முடிந்ததும் கொண்டுவந்து கொடுப்பார்கள், தூக்கிப் பால் கொடுங்கள்.

"எடுத்த மறுநாள்ல இருந்து எழுந்து உட்கார்ந்தா தலை பிளக்குது. மூளையில ஏதாச்சும் ஆயிடுச்சா?"

உட்கார்ந்தால் வலி, படுத்தால் போய்விடுகிறது என்றால் இது ஊசியால் வரும் தலைவலி. பையில் விழுந்த சின்ன ஓட்டை உடனே மூடாமல் தண்ணீர் உள்ளுக்குள் கசிகிறது. மூளையைத் தாங்கும் தண்ணீர் குறைவதால் நிமிரும்போது வலிக்கிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தொடங்கும், ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும். முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவதைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மன் டாக்டர் 1898இல் தன் முதுகிலேயே குத்தச் சொல்லிப் பார்த்து, இதே தலைவலியோடு பல நாள் படுத்துக் கிடந்திருக்கிறார்.

ஊசி முனையின் வடிவம் இதில் நிறைய மாற்றம் செய்கிறது. வெட்டிக்கொண்டு போகும் பழைய முனைக்கு 100 பேரில் 11 பேருக்கும், நாரை விலக்கிக்கொண்டு போகும் பென்சில் முனைக்கு 4 பேருக்கும் தலைவலி வந்ததாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த கட்டுரை சொல்கிறது. "பென்சில் முனை ஊசி இருக்கா?" என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். என் காலத்தில் ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுக்கவைப்போம். கழிப்பறைக்கு எழுந்தவர்களை நானே அதட்டியிருக்கிறேன். அப்படிப் படுப்பதால் தலைவலி வராமல் தடுக்கமுடியாது என்று பிறகு தெரிந்தது. அந்த அங்கிள்மார்களிடம் மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். வந்த பிறகு படுத்தால் சுகம், அது வேறு. பனடோல், போதுமான தண்ணீர், பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ. சிலருக்குக் கோப்பி கேட்கும், சிலருக்குக் கேட்காது. நாள் கணக்கில் எழவே முடியவில்லை என்றால், உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து முதுகில் அந்த இடத்தில் விட்டு ஓட்டையை அடைக்கும் முறை இருக்கிறது. பலருக்கு உடனே கேட்கும்.

வீட்டில் காத்திருக்கக்கூடாத நிலைகள் உண்டு. காய்ச்சலும் கழுத்து இறுக்கமும், படுத்தாலும் குறையாத தலைவலி, காலில் பலம் குறைவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, ஊசி போட்ட இடத்தில் ஈரம் கசிவது. இதில் ஒன்று வந்தாலும் நேராக அவசரப் பிரிவு, இல்லையென்றால் 999.

"தண்ணியில ரத்தம் கலந்து வந்துச்சாம். அப்ப மூளையில ரத்தக்கசிவா?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊசி போகும் வழியில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று கிழிந்தாலும் சிவப்பாக வரும். போத்தலுக்கு எண் போடுவது இதற்கும் உதவும். முதல் போத்தல் சிவந்து, கடைசிப் போத்தல் தெளிந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் ஊசி கிழித்தது. எல்லாப் போத்தலும் ஒரே மாதிரி சிவந்திருந்தால் சந்தேகம் கூடும்.

ஆய்வுக்கூடத்தில் அந்தத் தண்ணீரைச் சுழற்றி, சிவப்பணுவை அடியில் தங்கவைத்து, மேலே நிற்கும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். மூளையைச் சுற்றிக் கசிந்த ரத்தம் உடைந்து மஞ்சள் நிறமாக மாறப் பல மணி நேரம் ஆகும். இப்போதுதான் ஊசியால் கிழிந்த ரத்தத்துக்கு மஞ்சள் வர நேரமில்லை. தலைவலி தொடங்கி 12 மணி நேரம் கழித்துத்தான் எடுப்போம் என்று சில நேரம் டாக்டர் காத்திருப்பது இந்த மஞ்சளுக்காகத்தான். சோம்பேறித்தனம் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

"ரிப்போர்ட்ல செல், புரோட்டீன், குளுக்கோஸ்னு ஏதேதோ எண் இருக்கு. நாங்களே பார்த்துக்கலாமா?"

பார்க்கலாம், பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். பெரியவருக்கு வெள்ளையணு 5க்குள் இருப்பது இயல்பு. பச்சைக் குழந்தைக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். பாக்டீரியா என்றால் தண்ணீர் அரிசி களைந்த நீர் போலக் கலங்கி, வெள்ளையணு ஏறி, குளுக்கோஸ் இறங்கியிருக்கும். வைரஸ் என்றால் குளுக்கோஸ் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். காசநோயில் குளுக்கோஸ் இறங்கி, புரோட்டீன் நன்றாக ஏறும். கில்லான் பாரேயில் செல் இயல்பாக, புரோட்டீன் மட்டும் ஏறும்.

குளுக்கோஸைத் தனியாகப் பார்க்கக்கூடாது. ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நம் ஆட்களில் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இல்லாத வீடு எது? ரத்தத்தில் 15 (மில்லிமோல் கணக்கில்) இருப்பவருக்குத் தண்ணியில் 4 என்பது குறைவு, பார்த்தால் நல்ல எண் மாதிரி தெரிந்தாலும். அதே நேரத்தில் விரலிலும் குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பது அதற்காக.

"எல்லாம் நார்மல்னு வந்துச்சு. சும்மா குத்திட்டாங்களா?"

இதைக் கோபமாகக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், நிம்மதியும் வரும். மெனிஞ்ஜைட்டிஸ் இல்லை என்று தெரிந்ததால் இரண்டு வாரம் ஏற்ற வேண்டிய மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்தப் பதிலுக்காகத்தான் குத்தினார்கள்.

ஆனால் நார்மல் என்பது எப்போதும் கடைசிப் பேச்சு இல்லை. கில்லான் பாரேயில் முதல் வாரத்தில் புரோட்டீன் ஏறாமலே இருக்கலாம். காசநோய்க் கிருமி ஆய்வுக்கூடத்தில் வளர வாரக்கணக்கில் ஆகும். சில மணி நேரத்தில் சொல்லும் மரபணுப் பரிசோதனை உண்டு, அதுவும் சிலரைத் தவறவிடும். அறிகுறி பலமாக இருந்தால் ரிப்போர்ட் வராமலேயே டாக்டர் மருந்தைத் தொடங்குவார்.

"ஒரு தடவை எடுத்தாச்சே, திரும்ப எதுக்கு?"

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இருக்கலாம். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளைச் சவ்வில் வந்தால் தலைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே தண்ணி எடுப்பதே வைத்தியம், சிலருக்குத் தினமும். ரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்கு மருந்தை இந்த வழியாகவே உள்ளே விடுவார்கள். வாயில், கையில் கொடுக்கும் மருந்து முதல் பதிலில் சொன்ன பைக்குள் போதுமான அளவு போய்ச் சேராது என்பதுதான் காரணம். அந்தப் பிள்ளைகளுக்குப் பல தடவை நடக்கும், மயக்கம் கொடுத்தே செய்வார்கள்.

"கையெழுத்துப் போடாம ஏ.ஓ.ஆர். எடுத்துட்டுப் போயிடலாமா?"

சொந்தப் பொறுப்பில் வெளியேறும் அந்த போராங்கில் (படிவத்தில்) கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் கட்டிப்போட முடியாது. ஆனால் தண்ணி எடுக்க மறுப்பதும் மருத்துவமனையை விட்டுப் போவதும் ஒன்றல்ல, இதைப் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எடுக்க மனமில்லையென்றால் அதை மட்டும் மறுத்துவிட்டு வார்டிலேயே இருந்து மருந்தை ஏற்றிக்கொள்ளலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து என்பதால் டாக்டர் பெரும்பாலும் அதிக நாள் கொடுக்க வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு முன் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள். மலாயில் "ஆப்பா யாங் டாக்டர் நாக் சாரி டாலாம் ஆயர் இத்து?", அந்தத் தண்ணியில் எதைத் தேடுகிறீர்கள் என்று. பதில் ஒரு நோயின் பெயராக வரும். அடுத்து, "அது இருந்தால் வைத்தியம் எப்படி மாறும், இல்லையென்றால் எப்படி?" இரண்டுக்கும் பதில் தெளிவாக இருந்தால் யோசிக்க அதிகம் இல்லை. தடுமாறினால் ஸ்பெஷலிஸ்டைக் கேளுங்கள். 'ஆபத்தா, ஆபத்து இல்லையா' என்று மட்டும் கேட்டால் 'ஆபத்து குறைவு' என்ற ஒரே பதிலைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அது உங்களுக்கு எதையும் முடிவுசெய்து கொடுக்காது. மொழி தடையென்றால் தமிழ் தெரிந்த மிஸ்ஸி, எம்.ஓ. (வார்டு டாக்டர்) யாராவது பக்கத்து வார்டிலாவது இருப்பார்கள், கூப்பிடச் சொல்லுங்கள்.

"தைப்பூசத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு. பத்துமலையில காவடி எடுக்கலாமா?"

வருடா வருடம் தை பிறந்தால் இந்தக் கேள்வி வரும். ஊசி போன ஓட்டை சில நாளில் ஆறிவிடும். ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய கட்டுத்துணியை மறுநாள் எடுத்துவிட்டுக் குளிக்கலாம். சில நாளைக்கு அரிசி மூட்டை, கேஸ் தோம்பு (சிலிண்டர்) போன்றவற்றைத் தூக்காதீர்கள். தலைவலி இல்லாமல் நடமாட முடிந்தால், ஊசியை மட்டும் காரணமாக வைத்து மூன்று வாரம் கழித்து 272 படி ஏறுவதைத் தடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஊசி எதற்குப் போட்டார்களோ அந்த நோய்தான் முடிவு சொல்லும். மெனிஞ்ஜைட்டிஸிலிருந்து இப்போதுதான் எழுந்தவர், காலில் இன்னும் பலம் திரும்பாதவர், ரத்தம் மெலிய மாத்திரை எடுப்பவர் அலகு குத்தக்கூடாது. கொக்கி மாட்டுவது என்றால் நிச்சயமாகக் கூடாது. ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் தேதி தைப்பூசத்துக்கு முன்னால் விழுந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் இந்த வருடம் பால்குடத்தை வீட்டில் வேறு யாராவது எடுக்கட்டும், நீங்கள் கீழே தண்ணீர்ப் பந்தலில் நில்லுங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.